போன் நிறைந்துவிட்டது: அழிப்பதா, மாதக் கட்டணமா, ஹார்ட் டிஸ்க்கா?

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நான்கு பேர் தனித்தனியாக வந்து என்னிடம் போனை நீட்டினார்கள். அக்காவின் போனில் குழந்தையை வீடியோ எடுக்க இடமில்லை. பெரியப்பாவுக்கு மூன்று வாரமாக மெயில் எதுவும் வரவில்லை. அத்தை மகனின் கல்யாண வீடியோ 400 ஜிபி, ஐந்தாறு பென்டிரைவிலும் ஒரு பழைய லேப்டாப்பிலும் சிதறிக் கிடக்கிறது. அத்தையின் பிரச்சினை வேறு மாதிரி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நால்வரும் கேட்டது ஒன்றுதான். உட்கார்ந்து அழிக்கவா, மாதாமாதம் பணம் கட்டவா, ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிப் போட்டுவிடவா? எழுதிக் கேட்கும் வாசகர்களிலும் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். நால்வருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுக்கொன்று வேறானது. ஏன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

## திடீரென்று எப்படி நிறைந்தது?

கூகுள் கணக்கு ஒவ்வொன்றுக்கும் அவர்களின் சர்வரில் (இதைத்தான் கிளவுடு என்கிறோம், போனுக்குள் இருக்கும் இடம் வேறு) இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். 2021 ஜூன் 1 வரை, கொஞ்சம் தரம் குறைத்துச் சேமித்த போட்டோக்களை கூகுள் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு ஏற்றிய எல்லாமே கணக்கில் வருகிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும், அதாவது சாட்களின் பாதுகாப்பு நகலும், முன்பு தனியாக, இலவசமாக இருந்தது. 2024இல் அதையும் இதே 15 ஜிபிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். நீங்கள் புதிதாக எதுவும் செய்யாமலேயே நிறைந்தது அதனால்தான்.

இதிலிருந்து உடனே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இடம் வேண்டும் என்றதும் எல்லோரும் பழைய போட்டோக்களிலிருந்து அழிக்கத் தொடங்குவார்கள். 2021 ஜூனுக்கு முன் தரம் குறைத்து ஏற்றியவை உங்கள் 15 ஜிபியில் ஒரு எம்பிகூடப் பிடிக்கவில்லை. 2017இல் எடுத்த ஆயிரம் போட்டோவை அழித்தாலும் அங்கே இடம் கூடாது, போட்டோதான் போய்விடும்.

நிறைந்தபின் விட்டுவைப்பதும் ஆபத்து. போட்டோ ஏறாது என்பதோடு போகாமல், மெயிலும் வராது. அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். பெரியப்பாவுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிப்பு மெயில் அப்படித்தான் வராமல் போயிருக்கிறது.

## எதை வைத்து முடிவெடுப்பது?

விலையை முதலில் பார்க்காதீர்கள். நான் கேட்கும் முதல் கேள்வி இது: இந்த போன் இன்றைக்கு பஸ்ஸில் தொலைந்துபோனால் எது மிஞ்சும்? பலருக்கு இதற்கு நேரான பதில் தெரியாது. "அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், அங்கே இருக்கும்" என்பார்கள். வாட்ஸ்அப் போட்டோவைச் சுருக்கித்தான் அனுப்பும், எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களையும் நீக்கிவிடும். அம்மாவிடம் இருப்பது மங்கிய நகல், அசல் உங்கள் போனில் மட்டும்தான்.

அடுத்து, ஐந்து வருடச் செலவு. கூகுளில் கூடுதல் இடத்துக்குக் கட்டும் மாதம் 130 ரூபாய் சின்னதாகத் தெரியும், ஹார்ட் டிஸ்க் விலை பெரிதாகத் தெரியும். ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால்தான் இரண்டும் ஒரே தராசில் நிற்கும்.

மூன்றாவது, உங்கள் நேரம். வாங்கும் அன்று ஆகும் நேரத்தைவிட, வருடா வருடம் இதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை போகும் என்பதைக் கணக்கிடுங்கள்.

நான்காவது, வீட்டில் இன்னொருவரால் திறக்க முடியுமா? கணவருக்கு மட்டும் பாஸ்வேர்டு தெரிந்த கிளவுட், மகனுக்கு மட்டும் இருக்கும் இடம் தெரிந்த ஹார்ட் டிஸ்க் இரண்டும் குடும்பத்தின் நினைவுகளை ஒரே ஆளிடம் கட்டிப்போடுகின்றன.

கடைசியாக, நாளைக்கு வேண்டாம் என்று முடிவு செய்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வெளியே வர வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

## வழி 1: அழித்துச் சுத்தம் செய்து, இலவச இடத்துக்குள்ளேயே இருப்பது

பணச் செலவு இல்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

வாட்ஸ்அப்பிலிருந்து தொடங்குங்கள். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற பகுதிக்குள் ஸ்டோரேஜை நிர்வகிக்கும் பக்கம் இருக்கிறது. பலமுறை ஃபார்வர்டு ஆனவை, 5 எம்பிக்கு மேற்பட்டவை என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். பெரியப்பாவின் போனில் காலை வணக்கப் படங்களும் கோயில் வீடியோக்களும் மட்டுமே 9 ஜிபி. அவற்றை எடுத்துவிட்டு, குரூப்களில் வருவது தானாக டவுன்லோட் ஆவதை நிறுத்தினேன். வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோ சேர்வதையும் நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அப்புறம் ஸ்கிரீன்ஷாட்டுகள். பணம் அனுப்பியதற்கு ஆதாரம், டிக்கெட், ஓடிபி, முகவரி என்று எடுத்தவை அன்றோடு வேலை முடிந்தவை. ஆதார், டிரைவிங் லைசென்ஸ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைப் பத்துப் பத்து முறை போட்டோ எடுத்து வைத்திருப்போம். இவற்றுக்கு 2015இல் அரசு தொடங்கிய டிஜிலாக்கர் இருக்கிறது. துறைகளிடமிருந்து நேரடியாக அங்கே வரும் ஆவணங்கள் சட்டப்படி அசலுக்குச் சமம். நாமே ஸ்கேன் செய்து ஏற்றுபவைக்கு அந்த மதிப்பு இல்லை, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். அங்கே எடுத்து வைத்துவிட்டால் கேலரியில் கிடக்கும் ஆதார் போட்டோக்களை அழித்துவிடலாம். போன் வேறொருவர் கைக்குப் போனால் முதலில் மாட்டுவது அவைதான், அதனால் இடத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

மூன்றாவது, வீடியோ. ஐபோனில் ஒரு நிமிட 4கே வீடியோ, நொடிக்கு 30 ஃபிரேம் என்று வைத்தால் சுமார் 170 எம்பி, 60 ஃபிரேம் என்றால் 400 எம்பி. அதையே 1080 தரத்தில் 30 ஃபிரேமில் எடுத்தால் 60 எம்பி. ஆண்ட்ராய்டு போன்களிலும் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான். குழந்தை தவழ்வதை எடுக்க 1080 தாராளமாகப் போதும். அக்காவின் போனில் இந்த ஒரு செட்டிங்கை மாற்றியதே பெரிய நிம்மதி.

ஜிமெயிலிலும் டிரைவிலும் அழித்தவை குப்பைக்கூடையில் இருக்கும்வரை இடம் பிடிக்கும். கூடையைக் காலி செய்தால்தான் கணக்கு குறையும்.

மனிதர்கள் இருக்கும் போட்டோக்களைக் கடைசியில், களைப்பில்லாத நேரத்தில் மட்டும் தொடுங்கள். நான் பின்பற்றும் வழி எளிது. தினமும் காலையில் போட்டோ ஆப்பில் அன்றைய தேதியைத் தேடுவேன். இன்று ஜனவரி 20 என்றால், எல்லா வருடத்து ஜனவரி 20ஆம் தேதிப் படங்களும் வரும். அதில் மட்டும் மங்கலானதையும் ஒரே மாதிரி எடுத்த ஏழில் ஐந்தையும் எடுத்துவிடுவேன். ஐந்து நிமிடம் ஆகும். ஒரு வருடத்தில் முழுக் கேலரியும் ஒருமுறை கையால் தொட்டதாகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு. இங்கே மிகப் பெரிய பள்ளம் ஒன்று இருக்கிறது. கூகுள் போட்டோஸிலும் ஆப்பிளின் ஐகிளவுடிலும் இருப்பது போனோடு இணைந்து நகரும் நகல். போனில் இடம் வேண்டும் என்று ஆப்பில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும். "அதான் கிளவுடில் இருக்கிறதே" என்று நம்பி அழித்தவர்கள் எத்தனையோ பேர். கூகுளில், போனில் இருப்பதை மட்டும் நீக்குவதற்கென்று 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்று தனி பட்டன் இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். தவறி அழித்திருந்தால் பதற வேண்டாம். பேக்கப் ஆன படங்கள் கூகுளில் 60 நாள் குப்பையில் இருக்கும், ஐபோனில் 30 நாள்.

இன்னொரு செலவு, எவ்வளவு அழகாக அழித்தாலும் இரண்டாவது நகல் உருவாவதில்லை. முதல் கேள்விக்கு இந்த வழி பாதிப் பதில்தான் தருகிறது.

யாருக்கு ஏற்றது. சுத்தம் செய்தபின் 10 ஜிபிக்குள் அடங்குகிறவர்களுக்கு, அதிகம் வீடியோ எடுக்காதவர்களுக்கு. பெரியப்பாவுக்கு இது போதும். மாதம் 130 ரூபாய் கட்டி ஃபார்வர்டு படங்களைப் பாதுகாக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

## வழி 2: கிளவுடுக்குப் பணம் கட்டுவது

இதை எழுதும்போது கூகுளில் 100 ஜிபிக்கு மாதம் 130 ரூபாய், வருடமாகக் கட்டினால் 1,300. ஆப்பிள் இலவசமாகத் தருவது 5 ஜிபிதான். ஐகிளவுடில் 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய். விலைகள் மாறும், கட்டுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன் தொலைந்தால் என்ன மிஞ்சும் என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறு எந்த வழியிலும் இல்லை. போட்டோ எடுத்த சில நிமிடங்களில் அது இன்னொரு ஊரில் இருக்கும். நீங்கள் எதையும் நினைவில் வைத்துச் செய்ய வேண்டியதில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்து லேப்டாப்பில் செருக யாருக்கு நேரம் இருக்கிறது? கூகுள் திட்டத்தை இன்னும் ஐந்து பேரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்பதும் நம் குடும்பங்களுக்கு நல்ல வசதி. இடம்தான் பொது, ஒருவர் படம் இன்னொருவருக்குத் தெரியாது.

மறைந்திருக்கும் செலவு. முதலில் ஏணி. 100 ஜிபி நிறையும், 200க்குப் போவீர்கள், அப்புறம் 2 டிபி (ஒரு டிபி சுமார் 1,000 ஜிபி). 2 டிபி வருடத்துக்கு 6,500 ரூபாய் ஆகிறது. சுத்தம் செய்யாமல் கிளவுடுக்குப் போகிறவர்கள் குப்பைக்கு வாடகை கட்டுகிறார்கள். வழி 1இல் சொன்ன வாட்ஸ்அப் வேலையை முடித்துவிட்டுத்தான் எந்தத் திட்டத்துக்கும் பணம் கட்ட வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

கட்டுவதை நிறுத்தினால்? உடனே எதுவும் அழியாது, புதிதாக ஏறாது, மெயில் நிற்கும். இலவச அளவைத் தாண்டிய நிலையிலேயே இரண்டு வருடம் விட்டுவிட்டால் உள்ளடக்கத்தை நீக்க கூகுளுக்கு உரிமை உண்டு. இரண்டு வருடம் யாருமே பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளையும் நீக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

அடுத்தது, ஏற்றும் டேட்டா. வீட்டில் பிராட்பேண்டு இல்லாமல் தினம் 2 ஜிபி போன் டேட்டாவில் ஓடும் வீட்டில் 60 ஜிபி ஏற்ற, வேறு எதற்கும் நெட்டைத் தொடாமலே முப்பது நாள் ஆகும். பலர் இதைப் பாதியில் விட்டுவிட்டு, எல்லாம் ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கூகுள் போட்டோஸ் ஆப்பில் மேலே உங்கள் படத்தைத் தொட்டால் 'பேக்கப் முடிந்தது' என்று இருக்கிறதா, இத்தனை பாக்கி என்று இருக்கிறதா என்று தெரியும். இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்றாவதைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை: கணக்கே பூட்டிக்கொள்வது. பாஸ்வேர்டு மறந்து, மீட்பதற்குக் கொடுத்த எண்ணும் இல்லாமல் போனால் எல்லாப் போட்டோவும் கண்ணுக்குத் தெரியாத கதவுக்குப் பின்னால் நிற்கும். நம் ஊரில் 90 நாள் பயன்படுத்தாத சிம்மை முடக்கி, எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அம்மாவின் கணக்கில் மீட்பு எண்ணாக இருப்பது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம்மா என்று பாருங்கள். பணம் கட்டும் கணக்கில் இதைச் சரிபார்க்காமல் விடுவது, பூட்டு வாங்கிவிட்டுச் சாவியைத் தெருவில் வைப்பது போல.

வெளியே வர கூகுளில் 'டேக்அவுட்' என்ற வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் ஜிப் ஃபைல்களாகத் தரும், டவுன்லோட் செய்ய சுமார் ஒரு வாரம் அவகாசம். சில தேதி, இட விவரங்கள் படத்துக்கு வெளியே தனி ஃபைலில் வரும் என்பதால், கணினியில் போட்டதும் வரிசை கலைந்து தெரியலாம். வழி இருக்கிறது, எளிதான வழி என்று சொல்ல மாட்டேன்.

யாருக்கு ஏற்றது. சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள், அடிக்கடி போன் மாற்றுகிறவர்கள், கணினி இல்லாத வீடு, 100 அல்லது 200 ஜிபிக்குள் அடங்கும் குடும்பம்.

## வழி 3: ஹார்ட் டிஸ்க்

நான்கு வருடத்துக்கு முன்பு வரை நான் இதற்குத்தான் ஓட்டுப் போட்டிருப்பேன். ஒரு டிபி டிஸ்க் ஒன்றில் எட்டு வருடப் போட்டோ வைத்திருந்தேன். மேசையிலிருந்து விழுந்தது, முட்டி உயரம்கூட இல்லை. செருகினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்தது. மீட்டுத் தருகிறேன் என்ற கடையில் சொன்ன தொகை அந்த டிஸ்க்கின் விலையைப் போல ஐந்து மடங்கு, அதுவும் உறுதி இல்லாமல். பாதிக்கு மேல் இன்னொரு இடத்தில் இருந்ததால் தப்பித்தேன். 2016, 2017 இரண்டு வருடமும் இன்றைக்கும் என்னிடம் இல்லை.

அதனால் இந்த வழியின் விலையைக் கேட்டால் இரண்டு டிஸ்க்கின் விலையைத்தான் சொல்வேன். ஒரே டிஸ்க்கில் மட்டும் இருந்து, போனிலிருந்து அழித்தாகிவிட்டது என்றால், அதைப் பேக்கப் என்று சொல்ல முடியாது. இடம் மாறிய ஒரே நகல், அவ்வளவுதான். 1 டிபி டிஸ்க் இரண்டு, சேர்த்து ஏறக்குறைய பத்து, பன்னிரண்டாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு 100 ஜிபி கிளவுடுக்கு ஆகும் 6,500ஐ விட அதிகம். ஆனால் கொள்ளளவு பத்து மடங்கு.

இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் ஆல்பமும் கணினியும் சேர்ந்தே மூழ்கின. மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று புகைப்படக்காரர்கள் ஒரு விதி சொல்வார்கள். நம் குடும்பங்களில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. ஒரு டிஸ்க் உங்கள் வீட்டில், இன்னொன்று ஊரில் அம்மா வீட்டில். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொண்டு வாருங்கள்.

எந்த டிஸ்க் வாங்குவது? உள்ளே தட்டு சுழலும் சாதாரண ஹார்ட் டிஸ்க் விலை குறைவு, விழுந்தால் போய்விடும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி விழுவதைத் தாங்கும், விலை கூடுதல். ஆனால் மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் டிராயரில் வைப்பதற்கு அது ஏற்றதல்ல, தகவல் மெல்ல மெல்லக் கரையலாம். பென்டிரைவை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு. ஒழுக்கம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகுவேன் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ஆறு மாதத்தில் எடுத்ததெல்லாம் போனில் மட்டும் இருக்கும், அதற்குள் போன் தொலையலாம். டிஸ்க்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றும் செலவும் இருக்கிறது. கேலரியில் போல் முகத்தை வைத்துத் தேட முடியாது, ஃபோல்டர்தான் துணை. வருடம், அதற்குள் மாதம், அவ்வளவு போதும். 'புதுசு', 'புதுசு 2', 'போன் பேக்கப் கடைசி' என்று போட்ட பெயர்களின் பொருள் ஒரு வருடத்தில் உங்களுக்கே தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த படங்களைத் தனி ஃபோல்டரில் போடுங்கள். அவற்றின் பெயரில் 'டபிள்யூஏ' என்ற எழுத்துகள் இருக்கும், பெயரில் உள்ள தேதி எடுத்த தேதியாக இருக்கவேண்டியதில்லை. விண்டோஸ், மேக் இரண்டிலும் திறக்க வேண்டும் என்றால் முதல் நாளே டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள்.

யாருக்கு ஏற்றது. நூற்றுக்கணக்கான ஜிபி வீடியோ வைத்திருப்பவர்கள், மெதுவான நெட், குடும்பப் படங்கள் ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கவேண்டாம் என்று நினைப்பவர்கள்.

## வழி 4: வீட்டிலேயே சொந்த சர்வர்

நாஸ் பெட்டி (வீட்டு நெட்டில் இணைந்து எல்லோருக்கும் பொதுவாகச் சேமிக்கும் சின்னக் கணினி) ஒன்று வாங்கி, இரண்டு டிஸ்க் போட்டு, இம்மிச் போன்ற இலவச மென்பொருளை நிறுவினால் கூகுள் போட்டோஸ் போலவே வீட்டுக்குள் ஒன்று கிடைக்கும். முகம் பார்த்துத் தேடும், போனிலிருந்து தானாக ஏறும். பெட்டியும் டிஸ்க்கும் சேர்ந்து 30,000 ரூபாயைத் தாண்டிவிடும், மின்வெட்டுக்கு யுபிஎஸ் தனி. இரண்டு டிஸ்க்கும் ஒன்றையொன்று அப்படியே பிரதி எடுப்பதால், தவறி அழித்தால் இரண்டிலும் அழியும். எனவே வெளியே இன்னொரு நகல் அப்போதும் தேவை. இதை ஆசையாகச் செய்யும் ஒருவர் வீட்டில் இருந்தால் அருமையான வழி. அவர் வெளியூர் போன வாரத்தில் பழுதானால் யார் பார்ப்பது என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | அழித்து இலவசத்துக்குள் | கிளவுடு 100 ஜிபி | இரண்டு டிஸ்க் | சொந்த சர்வர் |
|---|---|---|---|---|
| ஐந்து வருடச் செலவு | 0 | சுமார் 6,500 ரூ. | சுமார் 10,000 – 12,000 ரூ. | 30,000 ரூ.க்கு மேல் |
| போன் இன்று தொலைந்தால் | ஏறியது மட்டும் மிஞ்சும் | ஏறக்குறைய எல்லாம் | கடைசியாகச் செருகிய நாள் வரை | ஏறக்குறைய எல்லாம் |
| வீடு மூழ்கினால் | தப்பும் | தப்பும் | ஒன்று வெளியூரில் இருந்தால் தப்பும் | தப்பாது |
| உங்கள் நேரம் | தினம் 5 நிமிடம் | தொடக்கத்தில் மட்டும் | வருடத்துக்கு 2 – 4 முறை, அரை நாள் | தொடர்ந்து |
| இன்னொருவர் திறப்பது | பாஸ்வேர்டு தெரிந்தால் | பாஸ்வேர்டு தெரிந்தால் | யாரும் திறக்கலாம், திருடனும் | தெரிந்தவர் மட்டும் |
| வெளியே வருவது | எளிது | பொறுமை வேண்டும் | எளிது | எளிது |

கடைசிக்கு முந்தைய வரிசையைக் கவனியுங்கள். பாஸ்வேர்டு என்பது ஒருவர் இறந்தபின்னும் நிற்கும் பூட்டு. கூகுளில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற பகுதியில், நான் இத்தனை மாதம் வராவிட்டால் இன்னாருக்கு என் போட்டோக்களைக் கொடு என்று எழுதி வைக்கலாம். ஆப்பிளில் 'லெகசி கான்டாக்ட்' என்று இருக்கிறது. பத்து நிமிட வேலை. பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் இதைச் செய்துவையுங்கள்.

## நால்வருக்கும் நான் சொன்னது

பெரியப்பாவுக்கு அழிப்பது மட்டும். 15 ஜிபியும் நிறைந்திருந்தது 5 ஜிபிக்கு இறங்கியது, மெயில் வரத் தொடங்கியது.

அக்காவுக்கு வருடம் 1,300 ரூபாய்த் திட்டம். அத்தானையும் அம்மாவையும் அதே திட்டத்தில் சேர்த்தோம். வாட்ஸ்அப் ஃபோல்டர்கள் போட்டோ பேக்கப்பில் சேராதபடி அணைத்து வைத்தோம். குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்வரையாவது டிஸ்க் வாங்காதே என்று சொன்னேன், அவளுக்குச் செருக நேரம் கிடைக்காது.

அத்தை மகனுக்கு இரண்டு டிஸ்க். 400 ஜிபியைக் கிளவுடில் வைக்க அவன் 2 டிபி திட்டத்துக்குப் போகவேண்டும், ஐந்து வருடத்தில் 32,500 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை பார்க்கும் வீடியோவுக்கு அது தேவையில்லை. எடிட் செய்த இரண்டரை மணி நேர வீடியோவை மட்டும் இலவசக் கிளவுடில் மூன்றாவது நகலாக ஏற்றிவைத்தோம். மாமா நன்றாக நடமாடிய நாட்களில் எடுத்த கடைசி வீடியோ அது. அடுத்த வருடம் அவர் போய்விட்டார்.

இனி அத்தை. அவருடைய போன் அடிக்கடி நின்றுவிடுகிறது. கடையில் 'எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தால் சரியாகிவிடும், போட்டோவெல்லாம் கூகுளில் இருக்கிறது' என்று சொல்லியிருக்கிறார்கள். போட்டோக்கள் இருந்தது உண்மை. ஆனால் மாமா கடையிலிருந்து தினமும் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் அங்கே இல்லை. குரல் பதிவுகளைப் போட்டோ ஆப் எடுத்துவைக்காது. வாட்ஸ்அப் பேக்கப் எப்போதோ நின்றுபோயிருந்தது. இடம் வேண்டும் என்று அந்த வாட்ஸ்அப் சாட் முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்திருந்தாலும் போயிருக்கும்.

இப்படி ஒரு போன் உங்கள் வீட்டில் இருந்தால் வேறு எதையும் தொடுமுன் இதைச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் கணினியோடு இணைத்து, வாட்ஸ்அப் ஃபோல்டருக்குள் 'மீடியா', அதற்குள் 'வாய்ஸ் நோட்ஸ்' என்று போங்கள். வருடம், வாரம் எண்ணிட்ட சின்னச் சின்ன ஃபோல்டர்கள் இருக்கும். மொத்தமாக அப்படியே காப்பி செய்யுங்கள், இப்போது பிரிக்க வேண்டாம். விஎல்சி என்ற இலவச பிளேயரில் அவை ஓடும். யாருடைய குரல் எது என்று ஃபைல் பெயரில் தெரியாது. அதனால் குறிப்பிட்ட ஒருவரின் வாட்ஸ்அப் சாட் பக்கத்தைத் திறந்து 'எக்ஸ்போர்ட் சாட்' என்பதில் மீடியாவோடு சேர்த்தும் ஒரு நகல் எடுங்கள். அது கடைசிப் பத்தாயிரம் மெசேஜ் வரைதான் எடுக்கும், ஆகவே இரண்டு வழியும் தேவை.

அத்தையின் போனில் மாமாவின் குரல் 212 ஃபைல் கிடைத்தது. எல்லாம் சேர்ந்து 20 எம்பிகூட இல்லை. அக்கா முன்பு எடுத்த 4கே வீடியோவில் பத்து நொடிக்கு இதைவிட அதிக இடம் ஆகும். மகனின் இரண்டு டிஸ்க்கிலும், அத்தையின் கிளவுடிலும், என் போனிலும் ஒவ்வொரு நகல் வைத்தோம். அதன்பிறகு அத்தையே ரீசெட் பட்டனை அழுத்தினார். போன் திரும்ப எழுந்ததும் முதலில் விஎல்சியைப் போடச் சொன்னார்.